போர்டில் ஈரம் புகுந்த கதை

கண்ணு,

நேற்று மத்தியானம் மடுகரை மாட்டாஸ்பத்திரியில் நைட்ரஜன் கேனை ஒப்படைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷமாக ஊர் ஊராக மாட்டுக்குச் சினை ஊசி போடப் போகையில் அந்தக் கேனை ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்தபடியே ஓட்டிப் பழகியவள் நான். நேற்று அது இல்லாமல் வில்லியனூர் வரைக்கும் வந்தேன். காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ரிட்டயர்மெண்ட் என்று சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், போன மாதம் சேர்ந்த டாக்டரம்மாகூட எழுந்து இரண்டு வார்த்தை பேசினாள். சாயந்தரம் நீ வீடியோவில் வந்து, "இனிமே இன்னாம்மா பண்ணப் போற?" என்று கேட்டாய். தூங்கப் போகிறேன் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது அது இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. வாட்ஸப்பில் தட்டி அனுப்பினால் நீ பார்ப்பதற்குள் நானே அழித்துவிடுவேன். அதனால் இப்போது காலை டீயைக் குடித்துவிட்டு, உன் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க முடியாது இல்லையா.

நீ அங்கே தைவானில் என்ன வேலை செய்கிறாய் என்று இங்கே கேட்காதவர்கள் இல்லை. உங்கப்பா "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு அப்படி முடிக்க மனசு வராது. நின்று விளக்குவேன். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி ஒரு பிராசஸர் இருக்கிறது, அதை அதற்குச் சொன்ன வேகத்தைவிட அதிகமாக ஓட்டிப் பார்ப்பார்கள், அப்போது அது சூடாகிச் செத்துப்போகும், அதனால் அதன் தலைமேல் செம்புக் குவளை ஒன்றை வைத்து நாங்கள் மாட்டுக்குச் சினை ஊசிக் குச்சி போட்டு வைக்கிற அதே நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைப்பார்கள் என்பேன். அது வரைக்கும் கேட்பார்கள். அதற்கு அப்புறம்தான் உன் வேலை. அவ்வளவு குளிர் ஓர் இடத்தில் இருந்தால் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் அங்கே வந்து பனியாகப் படியும், பனி உருகித் தண்ணீராகும், ஒரு சொட்டு போர்டுக்குள் போனால் எல்லாம் ஷார்ட். அந்த ஈரம் உள்ளே போகாமல் போர்டைக் காப்பாற்றுவதுதான் என் பிள்ளைக்கு வேலை என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்கிறவள் மாட்டை அவிழ்க்கப் போயிருப்பாள்.

இதெல்லாம் எனக்கு நீ சொல்லித் தந்ததுதான். காலேஜில் மூன்றாவது வருஷம் இருக்கும். நான் பாகூர் பக்கம் நாலு ஊர் சுற்றிவிட்டு வந்து கேனை இறக்கி வைத்தேன். நீ அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதுலேர்ந்து ஒரு லிட்டர் தருவியாம்மா?" என்றாய். நான் கத்தினேன். அந்தக் கேனில் இருக்கிற நைட்ரஜன் ஒரு விரக்கடை குறைந்தால் குச்சியெல்லாம் வீணாகும், அத்தனை வீட்டு மாடும் சினை பிடிக்காமல் நிற்கும், இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று பெரிய பேச்சாகப் பேசினேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அப்பாதான் தன் ஃபேக்டரியில் விசாரித்து, தொழிற்பேட்டையில் கேஸ் விற்கிற ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு நான் மறுத்தது சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கத்தாமல் மறுத்திருக்கலாம்.

முதல் தடவை பின்கட்டில், மாடிப்படிக்குக் கீழே வைத்துச் செய்தாய். குவளையில் ஊற்றினதும் புகை வந்தது, நீ கைதட்டினாய், பத்து நிமிஷத்தில் எல்லாம் அணைந்துபோனது. செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு வருஷம் வேலை செய்து வாங்கின போர்டு அது. கழற்றிப் பார்த்தபோது பிராசஸருக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நீ அழவில்லை. அதைத் துண்டில் துடைத்து மொட்டைமாடி வெயிலில் வடாம் மாதிரி காயவைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நான் மேலே வந்து, கேனிலிருந்து குச்சிக் குவளையைத் தூக்கினால் அதன் கழுத்தைச் சுற்றி உடனே வெள்ளையாகப் பூத்துவிடும் என்றும், மழைக்காலத்தில் அது இரண்டு மடங்கு இருக்கும் என்றும் சொன்னேன். நீ சட்டென்று திரும்பி, எவ்வளவு நேரத்தில் பூக்கும், மார்கழியில் எப்படி, கோடையில் எப்படி என்று கேட்க ஆரம்பித்தாய். என் வேலையைப் பற்றி நீ என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு அப்புறம் வந்த நாட்களை நினைத்துக்கொண்டுதான் இந்த ஏழு வருஷத்தையும் ஓட்டுகிறேன். நிறமில்லாத நெயில்பாலிஷ் வேண்டும் என்றாய். நான் மார்க்கெட்டில் ஃபேன்சி ஸ்டோரில் போய் நாலு பாட்டில் கேட்டேன். கடைக்காரம்மா என் கையைப் பார்த்தாள். சாணி நாற்றம் போகாத கை. வீட்டில் கல்யாணமா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைக் காய்ந்து பிழைத்த போர்டு முழுக்க, பிராசஸர் உட்காருகிற குழியை மட்டும் விட்டுவிட்டு, சின்ன பிரஷ்ஷால் மூன்று கோட்டிங் அடித்தாய். குழியைச் சுற்றி வாசலின் அப்பினாய். எனக்கும் ஒரு குச்சியைக் கொடுத்து, இடுக்கு விடாமல் தடவச் சொன்னாய். பக்கத்து வீட்டு காதர் மாமா ஏசி மெக்கானிக் இல்லையா, அவர் பைப்புக்குச் சுற்றுகிற கருப்பு ஸ்பாஞ்சில் மிச்சம் கிடந்த துண்டெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். "பைப்புக்கு வேர்க்குதுன்னா குளிர் வெளிய தெரியுதுன்னு அர்த்தம்டா. குளிர் எங்கியும் காத்து மூஞ்சில படக்கூடாது, அவ்ளோதான்" என்றார். நீ குவளையின் அளவுக்கு அந்த ஸ்பாஞ்சை வெட்டி, முன்னாலும் பின்னாலும் வைத்து இறுக்கி, சுற்றிலும் டிஷ்யூ பேப்பரை அடைத்து, போர்டின் முதுகுப் பக்கம் காய்ந்த காற்று படும்படி என் ஹேர் டிரையரைக் கட்டிவைத்தாய். சாப்பிடும்போதும் நாம் ஈரத்தைப் பற்றியே பேசினோம். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவார்.

அந்த வருஷம் ஐப்பசியில் போட்டி வந்தது. நாடு முழுக்க இருக்கிற பசங்கள் அவரவர் வீட்டில் ஓட்டிப் பார்த்து, வந்த வேகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், முதலில் வருகிற இரண்டு பேரைத் தைவானுக்குக் கூப்பிட்டுப் போவார்கள் என்றாய். அதற்கென்று இரண்டாவது போர்டு வாங்கினாய், அதையும் நாம் இரண்டு பேருமாகப் பூசினோம். அப்பா ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவதற்காக வாங்கின ஏசி ரூம்தான் உனக்கு இடம். ஏசியை ஈரத்தை இழுக்கிற மோடில் போட்டு, ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து, நைட்ரஜன் ஊற்றும்போது மட்டும் மூச்சுக்காகக் கதவைத் திறந்து வைத்து எல்லாம் சரியாகத்தான் செய்தாய். ஒருநாள் நீ மாடியில் உன் சினேகிதனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் துணி எடுக்க வந்தேன். "ஜெயிச்சு அங்க போயிட்டா அப்டியே வேலையும் புடிச்சிடுவேன்டா. அப்புறம் எவன் திரும்பி வருவான்" என்று சிரித்தாய். அது விளையாட்டுப் பேச்சு என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஓர் அண்ணன் இருந்தது உனக்குத் தெரியும். அண்ணி வீட்டுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அதனால் பாரீஸுக்குப் போனார். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கம்மா செத்ததற்குக்கூட அவர் வரவில்லை. நான் துணியை மடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. பதினொரு மணிக்கு நீ வெளியே வந்து, மூன்றாவது இடத்தில் இருக்கிறேன், ரேமை மட்டும் மாற்றினால் மேலே போய்விடலாம் என்றாய். உன் கண் அப்படி மின்னி நான் பார்த்ததில்லை. ஆனால் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. கேஸ் கடைக்காரர் ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கிறேன் என்று போனில் சொல்ல, அப்பாவோடு பைக்கில் கிளம்பினாய். செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "ரேம் மாத்தறதுக்காக ஒரு பக்கம் ஸ்பாஞ்ச கழட்டி வச்சிருக்கேம்மா. குவளை இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. ஏசிய நிறுத்தாத, ஜன்னலத் தொறக்காத. வெளிக்காத்து வந்துச்சுன்னா அந்தப் பக்கம் பூரா தண்ணியாயிடும்." சரி, போய்ட்டு வா என்றேன்.

நீங்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு ரூமுக்குள் போனேன். குவளையின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்பாஞ்சு கழற்றின பக்கம் போர்டு காய்ந்து சுத்தமாக இருந்தது. நான் ஏசியை நிறுத்தினேன். துணியை உருவிவிட்டு இரண்டு ஜன்னலையும் திறந்தேன். மழைக்காற்று என் முகத்தில் அடித்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை தடித்தது, கீழே இறங்கிப் பரவியது, அப்புறம் ஐஸ் தண்ணீர் ஊற்றின டம்ளர் மாதிரி அந்தப் பக்கம் முழுக்க வேர்த்தது. இருபது நிமிஷம் இருக்கும். அதற்கு அப்புறம் ஜன்னலை மூடி, துணியை இருந்த மாதிரியே அடைத்து, ஏசியைப் போட்டேன். ஜன்னல் கட்டையில் சாரல் விழுந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்தேன்.

ரூமில் நைட்ரஜன் தேங்கி இருக்குமோ என்ற பயத்தில் திறந்தேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதானே, மூடின அறையில் நைட்ரஜன் மூச்சை அடைத்துவிடும் என்று. ஆனால் நீதான் ரூமில் இல்லையே. தீர்ந்துபோன நைட்ரஜன் யாரை என்ன செய்யும்? அது பொய். நீ ஜெயிக்கக் கூடாது என்று திறந்தேன். நீ போய்விடக் கூடாது என்று திறந்தேன். ஈரம் என்ன செய்யும் என்று நீ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்ததால், அது எனக்கு நன்றாகத் தெரிந்தே செய்தேன்.

நீங்கள் வந்தீர்கள். அவசரத்தில் நீ மேலாகத் துடைத்து, ஸ்பாஞ்சை மூடி, நைட்ரஜன் ஊற்றி, ஸ்விட்ச் போட்டாய். திரையில் எழுத்து வந்தது. நான் வாசற்படியில் நின்று அது ஓடிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன், நம்பினால் நம்பு. ஓடவில்லை. பட்டென்று இருண்டது, கருகின வாசனை வந்தது. கழற்றிப் பார்த்தாய். குழிக்குள் தண்ணீர். காதர் மாமா வந்து எட்டிப் பார்த்து, ஏசி போட்டும் எப்படி இவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். நீ தலையைத் தூக்கவில்லை. "நான்தான் சரியா மூடல மாமா. எந்தப் பக்கமோ இடுக்கு விட்டுட்டேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. போனால் போகிறது, இன்னொரு போட்டி வரும் என்று உன் முதுகைத் தடவினேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அதற்கு அப்புறம் எட்டு மாதம் நீ வேறு எதையும் செய்யவில்லை. இல்லாத அந்த இடுக்கைத் தேடிக்கொண்டிருந்தாய். செத்த போர்டுகளை வாங்கி வாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமாகப் பூச்சுப் பூசி, மழை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டிப் பார்த்தாய். கடலோர ஊரில், இவ்வளவு ஈரக் காற்றில், சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் ஒரு போர்டை எப்படி மூடுவது என்று படம் படமாகப் போட்டு நெட்டில் எழுதினாய். அதைப் படித்துவிட்டுத்தான், அடுத்த வருஷம் உன் காலேஜ் முடிந்ததும் உன் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போட்டியில் ஜெயித்திருந்தால் நீ பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாயோ என்னவோ. நான் திறந்த ஜன்னல்தான் உன்னை அங்கேயே நிரந்தரமாகக் கொண்டுபோய் விட்டது. மீனம்பாக்கத்தில் நீ உள்ளே போய் மறைந்த பிறகு அப்பா என்னை அழாதே அழாதே என்றார். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஏழு வருஷத்தில் மூன்று தடவை வந்தாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், உனக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பை வைப்பேன், நீ சாப்பிடுகிற அழகைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிவிடுவேன். தினமும் காலையில் போனில் உன் ஊர் வெயிலையும் மழையையும் பார்க்கிறேன். அங்கே காற்றில் ஈரம் அதிகம் என்று காட்டினால், இன்றைக்கு என் பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுப்பேன். மழைக்காலத்தில் ஏதாவது வீட்டுத் தொழுவத்தில் கேனைத் திறக்கும்போது கழுத்தில் வெள்ளை பூக்கும். எவ்வளவு நேரத்தில் பூத்தது என்று மனசுக்குள் எண்ணுவேன். யாரிடம் சொல்வது?

போன மாதம் நீ பேசும்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதாகச் சொன்னாய். முதல் நாள் உன் கதையைத்தான் சொல்வாயாம். எங்கள் ஊரில் ஒரு மழை நாளில் என் கவனக்குறைவால் ஒரு போர்டு செத்தது, எங்கே இடுக்கு விட்டேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, அந்தப் பயத்தை மறக்காமல் வேலை செய்யுங்கள் என்று சொல்வாயாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஒன்பது வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மறந்திருப்பாய் என்று நினைத்து நான் மட்டும் சுமந்துகொண்டிருந்தேன்.

காதர் மாமாவுக்குத் தெரியும். அவர் மாடியிலிருந்து அன்றைக்குப் பார்த்திருக்கிறார். நீ தைவானுக்குக் கிளம்பிப் போன அந்த வருஷம் ஒருநாள், ஜன்னல் திறந்திருந்ததே அக்கா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவன்கிட்ட சொல்லு" என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் அம்மாவாக இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஏதாவது கெட்டுப்போனால் உடனே நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் உனக்குச் சின்னதிலிருந்து உண்டு. நல்ல பிள்ளை என்று நாங்களும் அதை வளர்த்துவிட்டோம். அதை விடு. ரூமில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேள். அது அம்மாவாக இருந்தாலும் கேள். இன்னொன்று, நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னை விட்டுத் தூரமாகப் போகிறேன் என்று நிற்கும்போது, போகாதே என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, கை போய் ஜன்னலைத் திறந்துவிட்டது.

உன் பூச்சில் குறை இல்லை கண்ணு. எனக்கு நீ கொடுத்த குச்சியால் நானும் கூட இருந்து தடவினது, எனக்குத் தெரியும். எங்கேயும் இடுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இனிமேல் வேறு கதை சொல். இல்லை, இதே கதையைச் சொன்னால் என் பேரையும் சேர்த்துச் சொல்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன், உனக்குச் சொல்லவில்லை. போலீஸிலிருந்து விசாரிக்க வந்தவர், இந்த வயதில் எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டார். மகன் வீட்டுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் நீ இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதே இல்லையே என்று நினைப்பு வந்தது. வேலை இருக்கிறது, மாடு இருக்கிறது என்று நானே எத்தனை தடவை தட்டிக்கழித்தேன், நீயும் எத்தனை தடவைதான் கேட்பாய்? பாஸ்போர்ட் வந்துவிட்டது. இதைப் படித்த பிறகும் உனக்கு என்னைப் பார்க்கத் தோன்றினால் ஒரு வார்த்தை சொல், வருகிறேன். நாள் ஆகும் என்றாலும் சரி, காத்திருக்கிறேன். வந்தால் நீ வேலை செய்கிற இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், உள்ளே வர மாட்டேன்.

அம்மா